நடக்காத தடம்: பெருவிபத்துகளில் தகவல் தொலையும் இடம்

2017 ஜூன் 14 அதிகாலை. மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்துகொண்டிருக்கிறது. உள்ளே தீயணைப்பு வீரர்கள் சுவரில் வீட்டு எண்களை எழுதுகிறார்கள். எந்தத் தளம், எந்த வீடு, எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. பெருவிபத்தின்போது மீட்புப் படைகளுக்கு உண்மையில் எது கிடைக்காமல் போகிறது என்று அறிய, அந்த எண்கள் சுவருக்கு வந்து சேர்ந்த வழியைப் பின்தொடர்ந்தாலே போதும்.

புகை நிறைந்த அறையிலிருந்து ஒருவர் அவசர எண்ணை அழைக்கிறார். அழைப்பை எடுப்பவர் இருப்பது நகரின் மறுகோடியில். கட்டுப்பாட்டு அறை அன்றிரவு தற்காலிகமாகக் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் இயங்கியது. கேட்டதை அங்கிருப்பவர்கள் வயர்லெஸ்ஸிலும் கைபேசியிலும் கோபுரத்தடியில் நின்ற கட்டளை வண்டிக்குச் சொல்கிறார்கள். அங்கே அது துண்டுச் சீட்டில் ஏறுகிறது. சீட்டை ஒருவர் வாங்கிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடுகிறார். உள்ளே அது சுவருக்கு வருகிறது. வீட்டு எண் தவறலாம், எண் சரியாக இருந்தாலும் சொன்ன நேரம் விடுபடலாம். அதற்குள் அந்தக் குடும்பம் மேல்தளத்துக்கு ஓடியிருக்கலாம், அல்லது தானாகவே இறங்கி வெளியே வந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த வழி ஒரு பக்கமாக மட்டுமே ஓடியது. வீரர்கள் அந்த வீட்டை அடைந்தார்களா, பாதிப் படியில் திரும்பினார்களா என்ற செய்தி ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒழுங்காகத் திரும்பவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்திருந்தவர், உதவி வந்துகொண்டிருக்கிறது என்று நம்பியே பேசினார். 2009-இல் ஆறு உயிர்களைப் பலிகொண்ட லக்கனால் ஹவுஸ் தீவிபத்திலும் இதே நம்பிக்கையோடுதான் உள்ளே இருந்தவர்களிடம் காத்திருக்கச் சொன்னார்கள். எட்டு ஆண்டு இடைவெளி இருந்தும் அந்தப் பாடம் படியேறவில்லை.

‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்பது பிரிட்டனின் அடுக்குமாடிகளுக்கான வழக்கமான அறிவுரை. ஒரு வீட்டுத் தீ மறுவீட்டுக்குப் பரவாது என்ற கணிப்பின்மேல் நிற்பது அது. கிரென்ஃபெல்லில் முதல் அழைப்பு வந்தது நள்ளிரவு கடந்து 12.54-க்கு. அறிவுரை முறையாகக் கைவிடப்பட்டது 2.47-க்கு. மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதற்கட்ட அறிக்கை, 1.30-க்கும் 1.50-க்கும் இடையிலேயே அந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்றது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டிய தகவல் இல்லாமலா இருந்தது? இருந்தது. பல தளங்களிலிருந்து வந்த அழைப்புகள், கணிப்பு பொய்த்துவிட்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. வெளிச்சுவரில் தீ ஏறுவதைத் தரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். குரல்களைக் கேட்டவர்களுக்குக் கட்டடம் தெரியவில்லை. கட்டடத்தைப் பார்த்தவர்களுக்குக் குரல்கள் கேட்கவில்லை. மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரின் படங்களும் தீயணைப்புத் துறைக்கு வந்து சேரவில்லை. 72 பேர் இறந்தார்கள்.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு எழும் முதல் கோரிக்கை நல்ல கருவிகள் வேண்டும் என்பதே. அதில் நியாயம் இருக்கிறது. 1987-இல் 31 பேர் இறந்த கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீ, நிலத்தடியில் வயர்லெஸ் எடுபடாததை அப்போதே காட்டியது. 18 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளில் 52 பேர் கொல்லப்பட்டபோதும், சுரங்கத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே ஆள்தான் ஓடிச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. இதை மன்னிக்க முடியாது.

ஆனாலும் கருவியோடு விவாதம் முடிந்துவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு வயர்லெஸ் அலைகளை உயரத்துக்குக் கொண்டுசெல்லும் கருவியைப் பொருத்தினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அதை இயக்க வேண்டிய பொத்தான்களில் ஒன்று அழுத்தப்படவில்லை. கருவி பழுது என்று எண்ணி, வடக்குக் கோபுரத்தில் அதைக் கைவிட்டார்கள். நாள்தோறும் கையில் புழங்கிய கருவிக்கு இந்தக் கதி வந்திருக்குமா? அதே காலையில் போலீஸ் ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து பார்த்தவை, 343 வீரர்களை இழக்கவிருந்த தீயணைப்புத் துறையின் தலைவர்களுக்கு நேரடியாக வரவில்லை. கீழ்த்தளத்தில் நின்று படைகளை நடத்தியவர்களைவிட, வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. கட்டடத்தைக் காலி செய்யும் முடிவு 911 அவசர அழைப்புகளை எடுத்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களில் பலர் அழைத்தவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2017 மே 22 மான்செஸ்டர் குண்டுவெடிப்பிலோ, ஆயுதத் தாக்குதலுக்கான நடைமுறையைப் போலீஸ் அறிவித்துவிட்டு, அதைத் தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லாமல் விட்டது. தீயணைப்பு வண்டிகள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தன. புதிய வயர்லெஸ் இந்தக் குறையைத் தீர்த்திருக்காது.

நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரே ஆள் புறக்கணிக்கப்படுவதைக் கவனிக்கலாம்: அழைப்பை எடுப்பவர். நிர்வாகம் அவரைத் தபால்காரரைப் போல நடத்துகிறது. வந்ததை அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. உண்மையில், அந்த நேரத்தில் கட்டடத்தின் அதிக அறைகளுக்குள் பார்வை உள்ளவர் அவர். களத் தலைவர் ஒரு பக்கத்தைப் பார்க்கிறார். இவருக்கு இருபது அறைகள் பேசுகின்றன. அந்த இருபதையும் சேர்த்து, புகை எங்கே எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் வந்தால் களத் தலைவர் தகவலில் மூழ்கிவிடுவார் என்பது அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு. அது மதிக்க வேண்டிய மறுப்பு. ஆனால் அவரை மூழ்கடிப்பது தகவலின் அளவல்ல, அது வரும் கோலம். முப்பது வீட்டு எண்கள் தனித்தனிச் சீட்டாக வந்தால் சுமை. ‘பத்தாம் தளத்துக்கு மேல் நான்கு பக்கமும் புகை’ என்று ஒரே வரியாக வந்தால் அது முடிவெடுக்க உதவும்.

நம் கரையில் சுனாமியின்போது நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு. வானிலைத் துறை 8.54-க்கு அனுப்பிய ஃபேக்ஸ், பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போனது. முகவரிப் பட்டியல் பழையது. ஆட்சி மாறியும் பட்டியல் மாறவில்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி இருந்தது. அலையின் உயரத்தையும் வானிலையையும் கடலுக்குப் போகிறவர்களுக்கு நாள்தோறும் சொல்லிவந்த ஒலிபெருக்கி அது. அதில் எச்சரிக்கை ஒலித்தது, ஊர் கரையைவிட்டு ஓடியது, ஏறத்தாழ 500 குடும்பங்கள் பிழைத்தன. அந்தக் குரல் எங்கிருந்து வரும், அதை நம்பலாமா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் நடந்த தடம் அன்று காலையும் இருந்தது. ஃபேக்ஸ் சென்ற தடத்தில் நெடுநாளாக யாரும் நடக்கவில்லை.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மறுபாதி தெரிந்தது. முகவரிகள் வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும் பறந்தன. மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். மீட்கப்பட்டவர்களின் முகவரிகளும் ‘உதவி தேவை’ என்று சுற்றிக்கொண்டே இருந்தன. ‘ஆளை எடுத்துவிட்டோம்’ என்ற செய்தி திரும்பும் வழி ஒன்று இல்லை. படகு வெறும் வாசலுக்குப் போன நேரத்தில் வேறொரு மாடியில் யாரோ காத்திருந்தார்கள்.

கிரென்ஃபெல் விசாரணை, சிக்கியவர்களின் விவரத்தைக் கட்டுப்பாட்டு அறையில் பதியும்போதே களத்திலும் காட்டும் மின்னணு முறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஒரு நிபந்தனையோடு அதை ஏற்கிறேன்: சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்ட சிறு தீக்கும் அதே திரையைத்தான் திறக்க வேண்டும். பெருந்தீக்கென்று பூட்டி வைத்தால், அன்றைக்கும் யாரோ ஒரு பொத்தானை அழுத்த மறப்பார்கள்.

தமிழ்நாட்டின் வெள்ள ஒத்திகைகளிலும் இதைச் சோதிக்கலாம். ஒத்திகை நாளில் அவசர எண்களான 108-க்கும் 112-க்கும் மாவட்டத்தின் 1077-க்கும் உண்மையாகவே ஓர் அழைப்பு போகட்டும். அழைத்தவர் சொன்ன தெருவும் மாடியும் படகில் நிற்பவர் காதுக்கு எத்தனை நிமிடத்தில் வந்தன, அவர் ஆளை ஏற்றிய செய்தி அழைப்பை எடுத்தவருக்கு எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்ற இரு எண்களையும் அன்றைய பதிவேட்டின் முதல் வரியில் எழுத வேண்டும்.