லெப்டின்

கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். 'மெலிந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். உடலில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை இரத்தம் வழியே மூளையின் ஹைப்போதலாமசுக்குத் தெரிவிக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் அதற்கேற்பப் பசியைக் கூட்டும், குறைக்கும். ஓயாமல் தின்று கொழுத்த ஒருவகைச் சுண்டெலியின் பழுதான மரபணுவை 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இனங்கண்டபோது இது வெளிப்பட்டது. மனிதரிடம் இப்பழுது மிக அரிது; அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி போட்டதும் அடங்காப் பசி தணிந்தது. பருமனுக்கே மருந்து கிடைத்துவிட்டதென்ற ஆரவாரம் மட்டும் நீடிக்கவில்லை. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவல்ல, மிகுதி. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கொழுப்பு மிகுந்த தீனியை நெடுநாள் தின்றால், மரபணு பழுதற்ற எலிகளுக்கும் இந்த மந்தம் வருகிறது.