ஒரு சென் பிசகாமல் இருக்க ஒரே மேசையில் கூடும் நிரலாளர்கள்

வீட்டு வரவு செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த பலர், இன்று அதைக் கணினியில் பதிந்து வைக்கின்றனர். குனுகேஷ், கேமைமனி, ஸ்க்ரூஜ் ஆகியவை அதற்காக இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். குனுகேஷின் முதல் நிலையான பதிப்பு 1998ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கேமைமனி 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இவை ‘திறமூல’ மென்பொருள்கள். அதாவது, இவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இவற்றை உருவாக்குவோரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு இணையம் வழியே வேலை செய்யும் இத்தகைய நிரலாளர்கள், அவ்வப்போது நேரில் கூடுவதும் உண்டு. அந்தச் சந்திப்பை ‘ஸ்பிரிண்ட்’ என்கின்றனர். குறுந்தூர ஓட்டம் போல, சில நாள்களில் விரைந்து முடிக்கும் வேலை என்பது அதன் பொருள்.

யார் ஏற்பாடு செய்கிறார்கள்?

கேமைமனியும் ஸ்க்ரூஜும் கேடிஇ என்னும் பெரிய திறமூலத் திட்டத்தைச் சேர்ந்தவை. அத்திட்டம் 1996இல் ஜெர்மனியில் தொடங்கியது. அதன் நிரலாளர்கள் முதன்முதலாக நேரில் கூடியது 1997இல், அந்நாட்டின் ஆர்ன்ஸ்பெர்க் நகரில். அதே ஆண்டில் பதிவு பெற்ற கேடிஇ சங்கம், நன்கொடைப் பணத்தைக் கொண்டு ஸ்பிரிண்டுக்கு வருவோரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உதவுகிறது. இது மாநாடு அல்ல. மாலை மரியாதை, மேடைப் பேச்சு எதுவும் இல்லை. சிறு குழு ஒன்று மடிக்கணினிகளுடன் அமர்ந்து வேலை செய்யும், அவ்வளவுதான்.

நேரில் பேச என்ன இருக்கிறது?

கணக்கு மென்பொருளில் சின்னப் பிழையும் பெரிய பிழைதான். கணினி பொதுவாகத் தசம எண்களை இரும எண்களாக மாற்றித் தோராயமாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் பல நிரல்மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வருவதில்லை, 0.30000000000000004 என்று வரும். பல ஆண்டுக் கணக்கில் இப்படிச் சேரும் மிச்சம், மீதித் தொகையையே தவறாகக் காட்டக்கூடும்.

இதற்கு ஒரு தீர்வு, எண்ணைப் பின்னமாக வைத்துக்கொள்வது. கேடிஇ திட்டத்தின் ‘அல்கிமியா’ என்ற பொது நிரல் தொகுப்பு அப்படித்தான் செய்கிறது. கேமைமனி அதைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு செயலியும் இதே வேலையைத் தனித்தனியாகச் செய்யாமல், ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால், அடித்தளத்தை மாற்றினால் அதன்மேல் நிற்கும் எல்லாச் செயலிகளும் ஆட்டம் காணும். மின்னஞ்சலில் மாதக் கணக்கில் இழுக்கும் அத்தகைய விவாதத்தை, நேரில் அமர்ந்தால் விரைவில் முடித்துவிடலாம்.

நாட்டுக்கு நாடு பண வழக்கமும் மாறுகிறது. ஜப்பானிய யென்னுக்கு இன்று புழக்கத்தில் சில்லறைப் பிரிவு இல்லை. குவைத் தினாருக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 12 ரிங்கிட் 43 சென் பில்லுக்கு 12 ரிங்கிட் 45 சென் கட்டுகிறோம். அட்டையில் கட்டினால் 43 சென்தான். வேறு நாட்டு நிரலாளருக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

நமக்கு என்ன?

இத்தகைய மென்பொருள்களில் பல, கையளவு ஆட்களை நம்பி நிற்கின்றன. அவர்கள் சோர்ந்து விலகினால் திருத்தங்கள் நின்றுபோகும். அதில் பல வருடக் கணக்கை எழுதி வைத்தவர்கள்தான் தவிப்பார்கள். முகம் பார்த்துப் பழகியவர்கள் எளிதில் விலகுவதில்லை. புதிதாக வருபவருக்கும், பழைய நிரலை எழுதியவரே பக்கத்தில் அமர்ந்து விளக்கும் வாய்ப்பு கிடைக்கிறது.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். பயன்படுத்திப் பார்த்துப் பிழையைத் தெரிவிப்பது, தங்கள் நாட்டு வழக்கத்தை எடுத்துச் சொல்வது, திரையில் வரும் சொற்களைத் தமிழாக்குவது எல்லாமே பங்களிப்புதான். கோயில் கணக்கோ கடைக் கணக்கோ எழுதிப் பழகியவருக்கு, எங்கே இடறும் என்பது நிரலாளரைவிட நன்றாகவே தெரியும்.