வெள்ளி இல்லாத கருப்பு வெள்ளை: குரோமோஜெனிக் படச்சுருளின் வரலாறு

குரோமோஜெனிக் கருப்பு வெள்ளைப் படச்சுருள் என்பது வண்ணப் படச்சுருளுக்கான வேதிக்கரைசல்களில் கழுவப்படும் கருப்பு வெள்ளைப் படச்சுருள். வழக்கமான கருப்பு வெள்ளை நெகடிவில் உருவத்தைத் தாங்கி நிற்பது உலோக வெள்ளி. இவ்வகை நெகடிவில் இறுதியில் வெள்ளி இருப்பதில்லை, சாயம் மட்டுமே எஞ்சும். கருப்பு வெள்ளைக்கான இருட்டறைகள் குறைந்து, எங்கும் வண்ண லேப்கள் பெருகிய காலத்தில் இது உருவானது.

வேதியியல் பின்னணி

இதன் அடிப்படையைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ருடால்ஃப் ஃபிஷர். 1912-ல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றும்போது டெவலப்பரும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அது 'கப்ளர்' எனப்படும் மற்றொரு வேதிப்பொருளுடன் சேரும்போது சாயம் பிறக்கிறது. வெள்ளி உருவாகும் இடத்தில், அதன் அளவுக்கேற்ப சாயமும் உருவாகும் என்பதே ஃபிஷரின் கண்டுபிடிப்பு.

ஆனால் கப்ளர்கள் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குக் கசிந்ததால் அவரால் இதை நடைமுறைக்குக் கொண்டுவர முடியவில்லை. கோடக் 1935-ல் வெளியிட்ட கோடக்குரோமில் கப்ளர்களைப் படச்சுருளில் வைக்காமல் டெவலப்பரில் கலந்தது. அக்ஃபா 1936-ல் நீண்ட மூலக்கூறுகளைக் கொண்டு கப்ளர்களை அந்தந்த அடுக்கிலேயே நிலைகொள்ளச் செய்தது. கோடக் 1942-ல் கோடக்கலர் நெகடிவில் அவற்றை நுண்ணிய எண்ணெய்த் துளிகளுக்குள் அடைத்தது.

சி-41 முறை

1972-ல் கோடக் சி-41 என்ற கழுவும் முறையை அறிமுகப்படுத்தியது. நாளடைவில் பிற நிறுவனங்களின் வண்ண நெகடிவ்களும் இதற்கேற்பத் தயாரிக்கப்பட்டன. படச்சுருள் 37.8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நிமிடம் 15 நொடி டெவலப்பரில் இருக்கும். பிளீச் உலோக வெள்ளியை மீண்டும் வெள்ளி உப்பாக்கும். ஃபிக்சர் அந்த உப்பு முழுவதையும் கரைத்து வெளியேற்றும். எந்த ஊரிலும், எந்த லேபிலும் இதே வெப்பம், இதே நேரம். மினிலேப் இயந்திரங்கள் வந்தபின் ஒரு மணி நேரத்தில் படம் கைக்குக் கிடைத்தது. கருப்பு வெள்ளைக்கோ படச்சுருளுக்கு ஒரு டெவலப்பர், ஒரு நேரக் கணக்கு. அதைக் கையால் கழுவத் தெரிந்தவர் வேண்டும்.

1980

இந்த இடைவெளியை நிரப்ப 1980-ல் இரு படச்சுருள்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்.பி.1, மற்றது அக்ஃபாவின் வேரியோ எக்ஸ்.எல். வண்ணப் படச்சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்குத் தனித்தனி அடுக்குகள் உண்டு. இவற்றில் எமல்ஷன் முழுவதும் எல்லா நிற ஒளியையும் ஏற்றது. பலநிறக் கப்ளர்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டதால் சாயங்கள் சேர்ந்து ஏறத்தாழக் கருமையாகத் தெரிந்தன.

அவ்வாண்டு ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியிருந்தது. வழக்கமான முறையில் வெள்ளியின் ஒரு பகுதி நெகடிவிலேயே தங்கிவிடும். புதிய முறையில் அது முழுவதும் கரைசலுக்கு வந்துவிடுவதால் மீட்டெடுக்க முடியும். அன்றைய விலையில் இது சிறிய ஆதாயம் அல்ல.

வேரியோ எக்ஸ்.எல். நெடுநாள் நீடிக்கவில்லை. எக்ஸ்.பி.1-க்கு இல்ஃபோர்டு முதலில் தனிக் கரைசல்களையும் விற்றது. 1991-ல் வந்த எக்ஸ்.பி.2 சி-41 முறைக்கென்றே செப்பனிடப்பட்டது. அதன்பின் எக்ஸ்.பி.2 சூப்பர் வந்தது. கோடக்கும் 1990-களில் டி400சி.என்., 2004-ல் பி.டபிள்யூ.400சி.என். ஆகியவற்றை வெளியிட்டது.

இயல்புகள்

வெள்ளித் துகள்கள் இருந்த இடத்தில் மென்மையான விளிம்புடைய சாயத் திட்டுகள் அமைகின்றன. ஒளி கூடினால் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவம் மேலும் வழுவழுப்பாகும். வழக்கமான படச்சுருளில் ஒளி கூடினால் துகள் தடிப்பாகத் தெரியும், இங்கு நேர்மாறு. எக்ஸ்.பி.2 சூப்பரை ஒரே சுருளில் 50 முதல் 800 வரையிலான வேகங்களில் எடுக்கலாம் என்கிறது இல்ஃபோர்டு.

கோடக்கின் நெகடிவில் வண்ண நெகடிவைப் போல ஆரஞ்சுச் சாயல் உண்டு. லேபின் வண்ணத்தாளில் எளிதாக அச்சிட அது உதவியது. இல்ஃபோர்டு அந்தச் சாயலைத் தவிர்த்ததால் அதன் நெகடிவை இருட்டறைக் கருப்பு வெள்ளைத் தாளிலும் வசதியாக அச்சிட முடிந்தது. பின்னாளில் ஸ்கேனர்களும் இவற்றுக்குக் கைகொடுத்தன. அகச்சிவப்புக் கதிரால் தூசியை அறிந்து நீக்கும் வசதி வெள்ளி நெகடிவில் சரிவர இயங்காது, ஏனெனில் வெள்ளி அக்கதிரைத் தடுக்கும். சாய நெகடிவில் அது இயங்கும்.

குறைபாடு

நன்கு கழுவிப் பாதுகாத்த வெள்ளி நெகடிவ் நூறாண்டு கடந்தும் நிற்கும். சாயமோ இருளில் வைத்தாலும் மெல்ல மங்கும். ஆவணத்துக்காகப் படமெடுப்போர் இவற்றைத் தவிர்த்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வசதியைப் பெற்றவர்கள் அதற்கு ஈடாக விட்டுக்கொடுத்தது நிலைபேற்றை.

வரலாற்று இடம்

டிஜிட்டல் கேமராக்கள் வந்தபின் மினிலேப்கள் மூடப்பட்டன. 2014-ல் கோடக் பி.டபிள்யூ.400சி.என். தயாரிப்பை நிறுத்தியது. எக்ஸ்.பி.2 சூப்பர் தொடர்கிறது. சி-41 லேப் அருகில் இல்லாத சிலர் அதைச் சாதாரணக் கருப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுகிறார்கள். அப்போது சாயம் உருவாவதில்லை, பிளீச்சும் இல்லை. உருவம் வெள்ளியாகவே தங்குகிறது. வண்ண லேபை நம்பிப் பிறந்த படச்சுருள், அந்த லேப்கள் அருகியபின் இருட்டறைத் தொட்டியிலும் உயிர்வாழ்கிறது. ஒரு தொழில்நுட்பத்தின் ஆயுள் அதன் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அதைக் கழுவித் தர யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இது சான்று.