குடிநீர் காத்த மலைக்காடு

மன்னர்களின் வரலாற்றைப் பட்டயங்கள் சொல்லும். கோயில்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். ஒரு காட்டின் வரலாற்றை நாம் எதைக் கொண்டு அறிவது? ஜொகூர் பாருவிற்கு வடமேற்கே நிற்கும் குனோங் பூலாய் மலைக்காட்டிற்கு ஓர் ஆவணம் உண்டு. அது ஒரு குடிநீர் ஒப்பந்தம்.

'பூலாய்' என்பது மலாய்மொழியில் ஒரு மரத்தின் பெயர். நாம் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மலையின் உயரம் 654 மீட்டர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்ஜொகூரின் ஆற்றங்கரைக் காடுகள் கம்பீர், மிளகுப் பயிர்களுக்காக வெட்டப்பட்டன. தோல் பதனிடப் பயன்பட்ட கம்பீரின் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க ஏராளமான விறகு வேண்டியிருந்தது. நிலம் சாரமிழந்ததும் பயிரிட்டோர் வேறு காட்டைத் தேடிச் சென்றனர். அடுத்து வந்தது ரப்பர். நம் முன்னோர் பலர் கடல் கடந்து வந்து, அந்தப் பால்மரத் தோட்டங்களில் உழைத்தனர்.

இத்தனைக்கும் நடுவே பூலாய் மலைக்காடு எவ்வாறு தப்பியது? அதற்கு விடை நீரிணைக்கு அப்பால் இருக்கிறது.

சிங்கப்பூரின் மக்கள்தொகை பெருகியது. அங்கிருந்த நீர்த்தேக்கங்கள் போதவில்லை. 1924-இல் ஜொகூர்ப் பாலம் திறக்கப்பட்டது. 1927 டிசம்பர் 5-ஆம் நாள் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராண்மையினரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 2,100 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30 காசு வாடகையில் விடப்பட்டது. ஆண்டு வாடகை மொத்தம் 630 வெள்ளிதான்! 1932-ஆம் ஆண்டிற்குள் மலைநீர் குழாய்வழியே பாலத்தைக் கடந்து சிங்கப்பூரை அடைந்தது.

நீர் வேண்டுமானால் காடு வேண்டும். மழையின் வேகத்தை இலைகள் தணிக்கின்றன. சருகும் வேரும் மண்ணைப் பிடித்து, நீரை மெல்லக் கசியவிடுகின்றன. மரம் போனால் மண் சரிந்து நீர்த்தேக்கம் தூர்ந்துவிடும். எனவே, நகரத்தின் தாகமே இக்காட்டிற்குக் காவலாயிற்று.

அக்காவலுக்கும் எல்லை உண்டு என்பதை நாம் 2001-இல் கண்டோம். அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள், வாமேய் என்னும் புயல் ஜொகூரில் கரை கடந்தது. நிலநடுக்கோட்டிற்கு இவ்வளவு அருகில் புயல் தோன்றுவது மிக அரிது. பெருமழையால் பூலாய் மலையில் மண் சரிந்து ஐந்து உயிர்களைப் பலிகொண்டது. பொழுதுபோக்கிற்கான வனப்பகுதி மூடப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின்னரே திறக்கப்பட்டது. செங்குத்தான மலைச்சரிவின் அடியில் எவ்வளவு தொலைவில் குடியிருக்கலாம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா?

முதல் ஒப்பந்தத்திற்குப் பதிலாக 1961-இல் வந்த ஒப்பந்தமும் 2011 ஆகஸ்ட் 31-ஆம் நாள் முடிவுற்றது. பூலாய் நீர்நிலையம் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னர் அயல்நகரின் தேவைக்காகக் காக்கப்பட்ட காடு, இன்று நம் பொறுப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்திற்குக் காலவரையறை உண்டு, தாகத்திற்கு இல்லை. அடுத்த தலைமுறைக்கும் தண்ணீர் வேண்டும் என்று நினைப்போமானால், அந்த மலைச்சரிவில் மரங்கள் நிற்கட்டும்.