லெனர்ட் – டெரோசன் வீரர் பரிமாற்றம் (2018)

வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில், டொராண்டோ ராப்டர்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிகளுக்கிடையே 2018 ஜூலை 18 அன்று நடந்த வீரர் பரிமாற்றம் இது. டெமார் டெரோசன், யாக்கோப் பெல்ட்ல் இருவரையும், புதுமுகத் தேர்வின் முதல் சுற்று உரிமை ஒன்றையும் ராப்டர்ஸ் விட்டுக்கொடுத்தது. கவாய் லெனர்டும் டேனி கிரீனும் டொராண்டோவுக்கு வந்தனர். வீரரின் நிறைகுறைகளை எப்படிச் சீர்தூக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக்காலத்தில் அரிது.

டெரோசன் 2009 முதல் ஒன்பது பருவங்கள் ராப்டர்ஸுக்காக ஆடியவர்; அந்த அணியின் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர். ஊர் அவரைத் தன் பிள்ளையாகவே கருதியது. நடுத்தூர எறிதலில் வல்லவர். மூன்று புள்ளி எறிதலும் தடுப்பாட்டமும் அவருடைய குறைகள். 82 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான பருவத்தில் இவை பெரிதாகத் தெரியவில்லை; 2017–18இல் அணி 59 வெற்றிகள் பெற்றது. ஆனால் பிளேஆஃப் சுற்றில் ஒரே எதிரணியுடன் ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டும். எதிரணிக்குப் பலவீனத்தைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பக் குறிவைக்க நேரம் கிடைக்கிறது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிளீவ்லாந்து அணியிடம் ராப்டர்ஸ் தோற்று வெளியேறியது.

லெனர்டின் குறைகள் வேறு வகை. 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரர், 2015, 2016 ஆண்டுகளின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற பெருமைகள் கொண்ட அவரது ஆட்டத்தில் குறை காண்பது கடினம். ஐயம் உடல்நலத்திலும் ஒப்பந்தத்திலும்தான் இருந்தது. தொடைத் தசைக் காயத்தால் 2017–18இல் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். ஸ்பர்ஸை விட்டு விலக விரும்பினார். ஓராண்டில் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமையும் அவருக்கு இருந்தது. இத்தகைய வீரர் இவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்ததற்கு இவையே காரணம்.

அப்போது ராப்டர்ஸ் தலைவராக இருந்த மசாய் உஜிரியின் முடிவு துணிச்சலானது, சரியானதும்கூட. ஆடுகளத்தில் வெளிப்படும் குறையைப் பிளேஆஃபில் மறைக்க முடியாது. காயத்தின் அபாயத்தையோ திட்டமிட்ட ஓய்வால் குறைக்கலாம். வழக்கமான பருவத்தில் லெனர்ட் 60 ஆட்டங்களில் மட்டும் இறக்கப்பட்டார். சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவர்போலத் தோன்றிய கிரீன், மூன்று புள்ளி எறிதலில் 45 விழுக்காட்டைத் தாண்டினார். 2019 ஜூன் 13 அன்று கோல்டன் ஸ்டேட் அணியை வீழ்த்தி ராப்டர்ஸ் தன் முதல் பட்டத்தை வென்றது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது லெனர்டுக்கே கிடைத்தது.

அடுத்த மாதமே அவர் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ஸ்பர்ஸில் டெரோசன் சக வீரர்களுக்கு வாய்ப்பு உருவாக்கித் தருபவராகவும் வளர்ந்தார். ஆயினும் 2020இல் அந்த அணி, 22 ஆண்டுகளாகத் தொடர்ந்து எட்டிவந்த பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. 2021இல் டெரோசன் சிகாகோ புல்ஸில் சேர்ந்தார்.