மிச்சிகனின் பள்ளி எல்லைகள்

அமெரிக்காவின் ‘பள்ளி மாவட்டத்தை’ நம் ஆட்சியர் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. மொழிபெயர்ப்புச் சொல்லே வழிதவறச் செய்கிறது. அது தனி வாரியமும் சொத்துவரி வருவாயும் உடைய சிற்றலகு. மிச்சிகன் மாநிலத்தில் 1912இல் அவை ஏழாயிரத்துக்கும் மேல். இணைத்து இணைத்து 1968இல் 738 ஆயின. உயர்நிலைப் பள்ளியைத் தாங்கும் வலு சிற்றூர் அலகுகளுக்கு இல்லை என்பது முதன்மைக் காரணம். எல்லைகளை அழிப்பது அங்கு வழக்கமான நிர்வாகப் பணியாகவே இருந்தது.

போருக்குப் பின் டெட்ராய்ட்டின் வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். கறுப்பினத்தவர் பின்தொடர இயலவில்லை. வீட்டுக்கடன் விதிகளும் விற்பனைப் பத்திரங்களின் இனத்தடைகளும் குறுக்கே நின்றன. 1972இல் நீதிபதி ஸ்டீபன் ராத், நகரத்தோடு 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து இனப்பிரிவினை நீக்கத் திட்டம் வகுக்குமாறு ஆணையிட்டார். 1974இல், மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில், உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை நிராகரித்தது: புறநகர் மாவட்டங்களின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, உள்ளூர்க் கட்டுப்பாடோ ஆழ்ந்த மரபு.

மரபாம்! அரை நூற்றாண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகளைக் கலைத்த மாநிலத்தில், கறுப்பினக் குழந்தைகள் கடக்க வேண்டியிருந்தபோதுதான் கோடு புனிதமாயிற்று. கல்வி மாநிலத்தின் பொறுப்பு, எல்லைகளும் அதன் படைப்பே என மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் தர்குட் மார்ஷல்.