பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

தொடக்ககாலக் கார்களில் பிரேக் என்பது இரும்புத் தண்டும் கம்பியும்தான். மிதித்தால் தண்டு இழுக்கும், ஷூ டிரம்மை உரசும். இழுவை எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேராததால் வண்டி ஒரு பக்கம் வெட்டும். 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்த பிரேக் பூட்டிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூடிய குழாயில் அழுத்தம் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி சாலைக்கு வந்தது.

இந்தப் பக்கம், தென் திருவிதாங்கூரில், மோட்டார் வண்டி பெருகியது திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலையை ஒட்டித்தான். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அந்தச் சாலையிலேயே உள்ளன. கோட்டுகால் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடலோரப் பக்கம். சமஸ்தான அரசு 1938 பிப்ரவரி 20இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. 1956 நவம்பர் 1இல் பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்தன. 1962இல் டிவிஎஸ் குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவியது. அங்கே பிரேக் பாகங்கள் உருவாயின.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குக் காலே கருவி. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. இரண்டு முறை பம்ப் செய்த பிறகே பிடித்தால் ஷூ இடைவெளி கூடிவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். ரப்பர் கிட்டை மாற்றி, ஒருவர் மிதிக்க இன்னொருவர் நிப்பிளைத் திறந்து காற்றெடுத்தால் வேலை முடிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கடற்காற்றும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள இப்பகுதியில் இதை மறக்கக் கூடாது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான்.

காலின் இந்தச் சாட்சியத்தைச் செல்லாததாக்கியது ஹைபிரிட் கார். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், வேகம் குறைக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கிப் பேட்டரியில் மின்சாரம் சேர்த்தது. மிச்ச வேலையை எண்ணெய் பிரேக் செய்ய வேண்டும். எது எவ்வளவு என்பதை நொடிக்கு நொடி பிரித்துக் கொடுக்கக் காலால் முடியாது. அதனால் 2003இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் மிதியின் அளவைக் கம்ப்யூட்டர் படித்தது. மின்பம்பு நிரப்பிவைத்த அக்குமுலேட்டர் என்ற அழுத்தக் கலனிலிருந்து அழுத்தம் சக்கரங்களுக்குப் போனது. கால் உணரும் எதிர்ப்பை ஒரு தனி உறுப்பு செயற்கையாகக் கொடுத்தது. பெடல் கெட்டியாக இருப்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது.

இதன் விலை விரைவில் தெரிந்தது. குண்டும் குழியுமான சாலையிலும் வழுக்கும் தரையிலும் பிரேக் கணநேரம் விட்டுப்பிடித்ததால் 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 4,37,000 ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பானர் படாமல், மென்பொருளை மாற்றியே அது தீர்ந்தது. 2013இல் சுமார் 2,42,000 கார்களுக்கு மறுபடி அழைப்பு: இம்முறை அக்குமுலேட்டரில் விரிசல் விழுந்து, நைட்ரஜன் வாயு பிரேக் ஆயிலில் கலக்கும் அபாயம். இந்தியாவில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிடும் 2010இல் பிரியஸும் வந்தன. விலை அதிகம் என்பதால் அவை சிலரோடு நின்றன. 2022இல் டொயோட்டாவின் பிடதி ஆலையிலிருந்து டொயோட்டா ஹைரைடரும் மாருதி சுசுகி கிராண்ட் விட்டாராவும் வந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் ஹைபிரிடை வாங்கத் தொடங்கின.

பிரியஸ் வகைக் காரில் பிரேக் திடீரென்று கைவிட்டால் பஸர் அலறும், சிவப்பு விளக்கு எரியும். மிதியின் அழுத்தம் உதவியின்றி நேராகச் சக்கரத்துக்குப் போகும்படி வால்வுகள் மாறும். இரண்டாம் தலைமுறையில் அதுவும் முன்சக்கரங்களுக்கு மட்டுமே. முழு பலத்தோடு அழுத்தினால் வண்டி நிற்கும், ஆனால் தாமதமாக. பழுதைக் கண்டறியும் சோதனை ஆயில் மட்டத்திலும் 12 வோல்ட் பேட்டரியிலும் தொடங்கும். அடுத்தது செவிக்கு வேலை: பிரேக்கைத் தொடாதபோதே பம்பு சில நொடிக்கொரு முறை ஓடினால் அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. ஸ்கேனர் அதை சி1391 என்ற பிழைக் குறியீடாகச் சொல்லும். பம்பு நெடுநேரம் ஓடினால் சி1252.

உள்கசிவுக்கு ரப்பர் கிட் கிடையாது. வால்வுகள் அடங்கிய ஆக்சுவேட்டரை முழுதாக மாற்ற வேண்டும், காற்றெடுக்கவும் ஸ்கேனர் வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தாலே பம்பு ஓடக்கூடிய வண்டி இது. ஆகவே பேட் மாற்றும்போது முதலில் பிரேக் கட்டுப்பாட்டை முடக்கிவிட்டு, சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைத்த பிறகே கேலிப்பரைக் கழற்றுங்கள்.